முழுசாங்க, மிஸ்ஸி

எனக்கு வாய் அதிகம். தோட்டம் முழுக்க அது தெரியும். ஜப்பான்காரன் வந்த பிறகு எத்தனையோ பேர் வாயை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. அவனைத் திட்ட முடியாது, ஆகவே என்னிடம் பாடம் படிக்க வந்த பெண்களைத் திட்டினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இந்தக் கதையை வேறு எங்கிருந்து தொடங்கினாலும் பொய்யாகிவிடும்.

என் பெயர் கத்தரீன். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நர்ஸாக இருந்தேன். அங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். துரைமார் ஓடியபோது டாக்டரும் கூடவே போய்விட்டார். மருந்து கட்டும் டிரஸரைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். மிச்சம் இருந்தது நானும், அரை பாட்டில் அயோடினும், துவைத்துத் துவைத்து நைந்துபோன கட்டுத் துணிகளும்தான்.

தோட்டத்தின் நடுவே ஓர் ஓடை. இந்தக் கரையில் மேல் டிவிசன், ஆபீஸ், என் மருந்தகம். அந்தக் கரையில் கீழ் டிவிசன் ஆட்கள் குடியிருந்த லயம், அதற்குப் பின்னால் காடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மரப்பாலம். நாற்பத்து மூன்றாம் வருஷக் கடைசியில் அந்தப் பாலத்தில் ஒரு சிப்பாயை நிறுத்தினார்கள். ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்கு மருந்து போகிறதாம், மிஸ்ஸி போய்வருகிற சாக்கில்தான் போகிறதாம். ஆகவே மிஸ்ஸி பாலத்தைத் தாண்டக் கூடாது. கீழ் டிவிசனில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த கிழவி அதற்கு முந்திய மழையில் காய்ச்சல் கண்டு செத்துப்போய்விட்டாள். அங்கே மூன்று பேர் பிள்ளைத்தாச்சி. சீதாவுக்குத்தான் முதலில் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் வேலப்பனையும் சயாமுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ராஜநாயகம் ஜப்பான் அதிகாரியிடம் குனிந்து குனிந்து பேசி ஓர் அனுமதி வாங்கி வந்தார். கீழ் டிவிசனிலிருந்து ஐந்து பெண்கள் ஞாயிறு காலை மேலே வரலாம். இரண்டு மணி நேரம் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். பட்டியலில் பேர் உள்ள ஐந்து பேர் மட்டும்.

"சீதாவ நான் இங்கயே கொண்டாந்து வச்சுக்கிறேனே ஐயா" என்றேன்.

"கேட்டுட்டேன் மிஸ்ஸி. இன்னொரு தடவ கேட்டா இதையும் புடுங்கிருவான். கெடச்சத வச்சுக்கிட்டு சும்மா இருங்கலா."

மொத்தம் ஆறு ஞாயிறு கிடைத்தது. நான் மூன்று வருஷம் படித்ததை ஆறு காலையில் கொடுக்க வேண்டும், அதுவும் எழுத்து தெரியாதவர்களுக்கு. பழைய கொழுந்துக் கூடை ஒன்றின் அடியை வெட்டி எடுத்துத் தாயின் இடுப்பாக்கினேன். கோணித் துண்டில் தேயிலைத் தூசியை அடைத்துத் தைத்துப் பிள்ளை செய்தேன். தொப்புள்கொடிக்குக் கயிறு, பிள்ளைக்குப் பின்னால் விழும் நஞ்சுக்குச் சேம்பிலை. முதல் ஞாயிறு அதைப் பார்த்து ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மேஜையில் ஓங்கித் தட்டினேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நான் படித்த இடத்தில் வெள்ளைக்கார சிஸ்டர் எங்களை வரிசையில் நிறுத்தி ஒப்பிக்க வைப்பாள். பதில் பிசகினால் விரல் முட்டியில் கத்தரிக்கோலால் அடி. எனக்கு வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. கை கழுவணும், கத்தியைக் கொதிக்க வைக்கணும், கொடியை ரெண்டு இடத்தில் கட்டணும், நடுவில் வெட்டணும், நஞ்சு தானா விழுகிறவரை இழுக்கக் கூடாது. மூன்றே வாரத்தில் மணி மணியாக ஒப்பித்தார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஐந்து பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுதுங்க மிஸ்ஸி." எனக்கு ஒரே பெருமை. அவர்கள் தினமும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கங்காணி எதைக் கேட்டாலும் ஆமாங்க என்று சொல்லி வளர்ந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பதிலை நம்பினேன்.

சரோஜா மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. இருபது வயதிருக்கும். கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி, அதற்கேற்ற கண். நான்காவது ஞாயிறு நஞ்சுப் பாடம். சேம்பிலையைப் பீங்கான் பேசினில் விரித்து, "ஒரு துண்டு பிய்ஞ்சு உள்ளயே தங்கிட்டா தாய் ரத்தம் போயே செத்துருவா. அதனால விரிச்சுப் பாக்கணும். இப்ப சொல்லுங்க, முழுசா?" என்று கேட்டேன்.

நான்கு பேர் "முழுசாங்க" என்றார்கள்.

"இந்த ஓரத்துல கொஞ்சம் இல்லீங்க மிஸ்ஸி. பூச்சி தின்னுருக்கு" என்றாள் சரோஜா.

அன்று காலைதான், தலையைச் சரியாகத் தாழ்த்தவில்லை என்று பாலத்துச் சிப்பாய் என் கன்னத்தில் அறைந்திருந்தான். காது இன்னும் இரைந்துகொண்டிருந்தது. "இலையில ஓட்ட கண்டுபுடிக்கவாடி உன்ன வரச் சொன்னேன்? நான் முழுசான்னு கேட்டா முழுசுன்னு சொல்லு. பெரிய இவ வந்துட்டா" என்று கத்தினேன். மற்ற நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"முழுசாங்க மிஸ்ஸி" என்றாள் சரோஜா.

அவள் சொன்னதுதான் சரி என்று எனக்கு அப்போதே தெரியும். அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். துண்டு தங்கினால் என்ன செய்வது என்று நான் அவர்களுக்குக் காட்டவே இல்லை. கையை உள்ளே விட்டு எடுப்பது நர்ஸ் வேலை, சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். "அப்பிடி ஆனா எனக்குச் சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். பாலத்தைத் தாண்ட முடியாதவள் எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

பாடம் முடிந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, மதியம் தூறல் போட்டுக்கொண்டிருந்தபோது சீதாவுக்கு வலி கண்டது. அந்தக் கரையிலிருந்து யாரோ கூப்பாடு போட்டார்கள். நான் பாலத்துக்கு ஓடினேன். சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தான். குனிந்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். வயிற்றைக் காட்டினேன், பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி கையை ஆட்டினேன். சின்னப் பையன்தான் அவனும். முகத்தைத் திருப்பிக்கொண்டான், துப்பாக்கியை விலக்கவில்லை.

சரிவுக்குச் சரிவு கூப்பிட்டுப் பேசிப் பழகியவர்கள் நாங்கள். ஓடையைத் தாண்டிக் குரல் போகும். கரையோரமாக நின்றுகொண்டேன். சரோஜா அவ்வப்போது லயத்திலிருந்து இறங்கி வந்து சொல்வாள், நான் பதில் சொல்வேன். தலை தெரியுதுங்க. முக்கச் சொல்லு. தலை வந்துருச்சுங்க. கழுத்துல கொடி சுத்தியிருக்கா பாரு. இரண்டு மணி வாக்கில், "பொம்பளப் புள்ளைங்க மிஸ்ஸி, நல்லா அழுவுதுங்க" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள் திட்டியது வீண்போகவில்லை என்றுகூட நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள்.

"நஞ்சு விழுந்துருச்சுங்க."

"முழுசா?"

உடனே பதில் வரவில்லை. ஓடி வந்த மூச்சிரைப்பு என்று நினைத்தேன்.

"முழுசாங்க மிஸ்ஸி."

"கெட்டிக்காரி" என்றேன். அவள் போய்விட்டாள்.

அடுத்து அவள் வந்தபோது நடக்கவில்லை, சறுக்கிக்கொண்டு இறங்கினாள். "துணி நனைஞ்சுக்கிட்டே இருக்குங்க மிஸ்ஸி. மூணு மாத்திட்டேன்."

"நஞ்சு முழுசுதானேடி? நல்லாப் பாத்தியா?"

"முழுசாங்க."

"அப்ப வயித்தத் தேயி. தொப்புளுக்குக் கீழ, உருண்டையாக் கெட்டியாகிற வரைக்கும் அமுக்கித் தேயி. புள்ளைய மாருல போடு. ஓடு."

அவள் ஓடினாள். நான் மறுபடி பாலத்துக்குப் போனேன். இந்தத் தடவை கும்பிடவில்லை, அவனைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். துப்பாக்கிக் கட்டையால் தோளில் ஒரு இடி. சேற்றில் விழுந்தேன். கிராணி ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "சுட்டுருவான் மிஸ்ஸி. நீங்களும் போயிட்டா நாங்க என்னா பண்றது" என்றார். அவரையும் திட்டினேன். மேலேயிருந்து மூடுபனி இறங்கி அந்தக் கரையை மறைத்துவிட்டது. சரோஜா, சரோஜா என்று கத்திக்கொண்டே இருந்தேன். யாரும் இறங்கி வரவில்லை. வெகு நேரத்துக்குப் பிறகு லயத்துப் பெண்கள் ஒப்பாரி வைக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எனக்கு பாஸ் கிடைத்தது. செத்தது தொற்று நோயிலா என்று பார்த்து எழுத வேண்டுமாம். ஜப்பான்காரனுக்குக் காலரா என்றால் பயம். ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அதே சிப்பாய் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழி விட்டான். அந்தப் பாலம் பதினெட்டுத் தப்படி. மாதாவே, வெறும் பதினெட்டுத் தப்படி.

சீதாவின் மேல் கோணியைப் போர்த்தியிருந்தார்கள். சரோஜா சுவரோரம் குந்தியிருந்தாள், முழங்கை வரை காய்ந்த ரத்தம். பேசின் அவள் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் பக்கமாக எடுத்துப் போய் விரித்துப் பார்த்தேன். இரண்டு விரல் அகலத்துக்குக் குறைந்தது.

"இது குறையிறத நீ பாத்தியா?"

"பாத்தேங்க."

"பின்ன ஏன்டி சொல்லல?"

"ஏசுவீங்கன்னு நெனச்சேன். நான் தப்பாப் பாக்குறேன் போலன்னு நெனச்சேன்." அப்புறம் கேட்டாள். "சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா மிஸ்ஸி?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை அவள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சொல்லியிருந்தால் அந்தக் கரையில் நின்று கத்தியிருப்பேன். கையை விடு, இப்படித் திருப்பு, அப்படி வழி என்று, ஒரு தடவைகூடக் காட்டிக்கொடுக்காத வேலையைக் குரலாலேயே செய்யச் சொல்லியிருப்பேன். பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது.

"வந்திருக்க முடியாது" என்றேன்.

பாஸில் இன்னும் அரை மணி நேரம் இருந்தது. லயத்தில் இன்னும் இரண்டு பிள்ளைத்தாச்சிகள் இருந்தார்கள். இனி எனக்கு இந்தப் பாலத்தைத் தாண்ட பாஸ் வேண்டுமென்றால் இன்னொருத்தி சாக வேண்டும். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று பாதிரியாரிடம்கூட இன்றுவரை என்னால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. மற்றவர்களை வெளியே போகச் சொன்னேன். சீதாவின் நெற்றியைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அப்புறம் சரோஜாவிடம், "கையக் கழுவிட்டு வா. எப்பிடி எடுக்கணும்னு காட்டுறேன்" என்றேன்.

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. கழுவிக்கொண்டு வந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து நான் வழி காட்டினேன். ஒரு கை வெளியே சீதாவின் வயிற்றின் மேல், ஒரு கை உள்ளே. நான் குரலை உயர்த்தவே இல்லை. கொஞ்ச நேரத்தில், "தட்டுப்படுதுங்க. இங்கதான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, கையை எடுக்காமலே அழ ஆரம்பித்தாள்.

வாசலில் ஆள் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். ருக்குமணி, அந்த இரண்டு பிள்ளைத்தாச்சிகளில் ஒருத்தி. ஏழாம் மாதம். சீதாவின் பிள்ளையைத் துணியில் சுற்றி, தன் வயிற்றின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. என்னையும் சரோஜாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு வலி வந்தா நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள். "நானே பெத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் கிட்ட வராதீங்க."

சொல்லிவிட்டுப் பிள்ளையோடு போய்விட்டாள். நேரம் முடிந்தது என்று பாலத்திலிருந்து சிப்பாய் விசில் ஊதினான். சரோஜாவின் கையில் தண்ணீர் ஊற்றிவிட்டு நான் இறங்கி நடந்தேன். ருக்குமணிக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது.