மேலே இரண்டு கரண்டி

சந்திரசேகரன் பினாங்குக் கடற்கரைத் தெருவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிராணி என்ற குமாஸ்தா வேலையில் சேர்ந்த அன்றே வீட்டில் புழுங்கலரிசி நின்றுபோனது. அது தோட்டத்துக் கூலிகளின் சோறாம். கோட்டுப் போட்டவன் வீட்டில் அந்த வாடையே வரக் கூடாதாம். அதே சோற்றைத் தின்று, கப்பல் துறையில் மூட்டை சுமந்துதான் அவருடைய அப்பா அவரைப் படிக்க வைத்தார். மனைவி ஜெயலெட்சுமி இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மனத்துக்குள் சொல்லாத நாளும் இல்லை.

வேளாவேளைக்கு ஆலையில் பளபளவென்று தீட்டிய சயாம் பச்சரிசிதான். வேலையில் சேர்ந்த எட்டாவது மாதம் கோட்டுப் போட்ட துரையின் கால் வீங்கியது. அமுக்கினால் குழி விழுந்தது. பூட்ஸ் ஏற மறுத்தது. ஆபீஸில் எவனோ கண் வைத்துவிட்டான் என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார். பழம்தான் வீணாயிற்று.

ஒரு நாள் ஜெயலெட்சுமி முகம்மது சுல்தான் கடைக்குப் பருப்பு வாங்கப் போனாள். "அக்கா, ஒரு செருப்ப எங்க விட்டீங்க?" என்று கேட்டார் சுல்தான். குனிந்து பார்த்தாள். வழியில் எங்கேயோ கழன்றிருக்கிறது, பாதத்துக்குத் தெரியவில்லை. கிள்ளினாள். அப்போதும் தெரியவில்லை.

மறுநாளே கணவரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் இருவர் காலையும் அமுக்கிவிட்டு, என்ன அரிசி என்று கேட்டார். தீட்டிய அரிசியில் தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது, இது பெரிபெரி, முற்றினால் இதயம் நின்றுவிடும், புழுங்கலரிசிக்கு மாறுங்கள் என்றார்.

"என் இலையில என்ன விழணும்னு அவன் யாரு சொல்றதுக்கு?" என்றார் சந்திரசேகரன் ரிக்‌ஷாவில் ஏறியதும். "கூலிச் சோறு என் வீட்டு அடுப்புல வேகாது."

"உங்களுக்கு வேகாட்டி போகட்டும். எனக்கு வேகும்."

அன்றே புழுங்கலரிசிக்கென்று இரண்டாவது பானை அடுப்பில் ஏறியது. அவள் முதலில் தான் சாப்பிட்டாள், பிறகு அவருக்குப் பரிமாறினாள். மூன்றாவது வாரம் முற்றத்து வெயில் காலில் சுட்டது. அந்தச் சூட்டில் நின்றுகொண்டு அழுதாள்.

அவரோ படுத்த படுக்கையானார். ஒரு மதியம் சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையற்கட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"கதவச் சாத்து."

சாத்தினாள். அவள் பானைச் சோற்றை அவர் அள்ளி அள்ளித் தின்றதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

தேறி வேலைக்குப் போனவர், கடற்காற்றுதான் தன்னைக் குணப்படுத்தியது என்று ஊரெல்லாம் சொன்னார். சாப்பாட்டுக் கேரியரில் புழுங்கல் சோற்றின் மேல் இரண்டு கரண்டி பச்சரிசிச் சோறு பரப்பச் சொன்னார். பெரிய கிராணி திருநாவுக்கரசு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாராம். பல்லைக் கடித்துக்கொண்டு பரப்பினாள். கேரியர் திரும்பி வரும்போது மேலே இருந்தது மட்டும் காலியாகியிருக்கும். ஒரே மாதத்தில் அவர் காலில் மறுபடியும் குழி விழுந்தது.

மறுநாள் காலை விளிம்புவரை புழுங்கல் சோற்றையே வைத்து மூடினாள். மறைக்காமல் அவரிடம் சொல்லியும் விட்டாள்.

"ஆபீஸ்ல இத எப்படித் தொறப்பேன்?"

"மூடியப் புடிச்சுத்தான். இல்லாட்டி பட்டினி கெடங்க. ஆள் செத்துட்டா கோட்ட யாரு போடறது?"

சாயங்காலம் கேரியர் வழித்து நக்கியதுபோல் வந்தது.

"கடல்ல கொட்டிட்டீங்களா?"

"சாப்ட்டேன்." சந்திரசேகரன் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "பெரிய கிராணி பாத்துட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"சுத்திமுத்திப் பாத்துட்டு, தன் சோத்தக் கிளறிக் காட்டினாரு. மேல ரெண்டு கரண்டிதான் பச்சரிசி."

ஜெயலெட்சுமி கேரியரைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே போய்க் காறித் துப்பிவிட்டுத்தான் கழுவ உட்கார்ந்தாள்.