பெரிய ற

வளைகுடாவில், முசஃபாவில் உள்ள அந்தத் தொழிலாளர் கேம்ப்பை வெளியே நின்று எண்ணினால் பத்து அறைகள். உள்ளே போய் எண்ணினால் ஐம்பது. காரணம் ஓர் எழுத்துப் பிழை. கேன்டீன் நடத்தும் காரைக்கால் சாதிக் பாட்ஷாவுக்கு ஐம்பது பில்ஸ், அதாவது அரைத் திர்ஹம் நாணயம் கிடைக்காமல் போயிற்று. மீதிக்குச் சூயிங்கம் கொடுத்துப் பார்த்தார். ஆட்கள் முகம் சுளித்தார்கள். அவர் வீட்டில் நாணயம் போன்ற ஒரு பழைய பிரெஞ்சு வில்லை உண்டு. முதல் உலகப் போரை ஒட்டி பிரெஞ்சு நாட்டில் சில்லறை அற்றுப்போனபோது வணிகர் சங்கங்களே அடித்துப் புழங்கவிட்டவற்றில் ஒன்று. வாங்கிக்கொள்கிறோம் என்று கடைக்காரர்கள் கொடுத்த வாக்குதான் அதன் மதிப்பு. அதைப்போலச் செய்து தரும்படி ஏசி டக்ட் வேலை பார்க்கும் வீரபாண்டியிடம் கேட்டார். அவன் மிச்ச அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டி, அரைத் திர்ஹத்துக்கு அடையாளமாக ஒவ்வொன்றிலும் உளியால் 'அறை' என்று பொறித்தான்.

எழுதியிருந்ததை வில்லை கொடுத்தது. சுவரில் வைத்து அழுத்தினால் கதவு திறந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஜன்னல், வில்லைக்காரனுக்கு மட்டும். நாற்பது பேர் டீ குடிக்காமல் வில்லையைப் பத்திரப்படுத்தினார்கள். சிலர் அறையில் மின்விசிறி இருந்தது, சிலருடையதில் சாமி படம். கார்மேகத்தின் அறையில், பரமக்குடியில் இருக்கும் அவன் மனைவி நாகஜோதி மாலைதோறும் கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரும் விசா கேட்கவில்லை.

கார்மேகத்துக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன்டா பாண்டி, எந்த வாத்தியாருடா உனக்குப் பெரிய ற போடச் சொன்னாரு? அரைக்குச் சின்ன ரடா" என்று மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் தினமும் கேட்பான். பொறுக்கமாட்டாமல் ஒருநாள், அவன் குளிக்கப் போனபோது வைத்துவிட்டுப் போன வில்லையை எடுத்து, ற-வை அரத்தால் தேய்த்து ர ஆக்கினான் வீரபாண்டி. அறை அரையானது. கதவும் கட்டிலின் தலைமாடும் மிஞ்சின. நாகஜோதி உட்காரும் பக்கம் போய்விட்டது.

கார்மேகம் திட்டவில்லை. அதனால்தான் வீரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. புதுத் தகட்டில் ற பொறித்துப் பார்த்தான். தெரிந்தே செய்த பிழைக்குச் சுவர் திறக்கவில்லை. கடைசியில், "ஓங்கி ஒரு அறை விடுங்கண்ணே" என்று போய் நின்றான்.

"சின்ன ரவா, பெரிய றவா?" என்றான் கார்மேகம், சிரிக்காமல்.

அதைக் கேட்டதும்தான் வீரபாண்டிக்குக் கணக்குப் பிடிபட்டது. தன் சொந்த வில்லையிலும் ற-வைத் தேய்த்துவிட்டு அதைக் கார்மேகத்தின் கையில் வைத்தான். இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்பது கேன்டீனிலும் செல்லும், சுவரிலும் செல்லும். நாகஜோதி திரும்பி வந்தாள். வீரபாண்டி பொது அறையின் மேல்கட்டிலுக்குப் போனான்.

வேறு வேறு வில்லைகளின் பாதிகள் என்பதால் அந்த அறையின் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. காற்றடித்தால் அதன் வழியே மணல் ஏறும். டூட்டி முடிந்ததும் வீரபாண்டி துடைப்பத்தோடு போகிறான். நாகஜோதி பேச்சை நிறுத்தாமல் காலைத் தூக்கிக்கொள்கிறாள்.