அலசிய சேறு

நுண்ணோக்கியில் ஷிஜா மூன்றாவது முறையும் பார்த்தாள். சிப்பி, சங்கு, மறுபடியும் சிப்பி. குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிள்ளைகள் மாதிரிப் பளிச்சென்று இருந்தன. சேறு ஒரு பொட்டு இல்லை, புழு ஒன்றுகூட இல்லை. இதைப் பார்த்தால் பொழியூர்க் கடலுக்கு எவரும் நற்சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். அதுதான் அவளுக்கு இடித்தது.

பொழியூர்க் கரையில் ஒரு மீன் பதப்படுத்தும் கம்பெனி, கழிவுக் குழாயைக் கடலுக்குள் விட்டிருந்தது. நெத்தலி வரத்து நின்றுபோனதென்று மீனவர்கள் புகார் கொடுத்தார்கள். அதிகாரிகள் தண்ணீரைச் சோதிக்க வருவார்கள். முந்தின நாளே கம்பெனி குழாயை அடைத்துவிடும். தண்ணீர் யோக்கியமாகத் தெளிந்து நிற்கும். நாலு முறை இதே கூத்து. இப்போது இன்னொரு குழாய்க்கும் அனுமதி கேட்கிறார்கள், விசாரணைக்கு எட்டு நாள்தான் இருந்தது. தண்ணீர் ஓடிவிடும், கடலடிச் சேற்றில் வாழும் சிற்றுயிர்கள் ஓடாது; அவற்றை இனம் பிரித்து எண்ணினால் மாதக்கணக்கில் அங்கே நடந்தது தெரிந்துவிடும். அதை எண்ணிச் சொல்வதற்குத்தான் கல்லூரி தன் ஆய்வு மாணவி ஷிஜாவை அனுப்பியிருந்தது.

சேறு எடுத்த அன்று நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அமரவிளையில் ஹைவே ஓரம் வளர்ந்தவள். லாரி இரைச்சல் பழக்கம், அலை பழக்கமில்லை. வள்ளம் ஏறிய கால் மணி நேரத்தில் குடலே வெளியே வருவதுபோல வாந்தி. பலகையில் கண்ணை மூடிக் கிடந்தாள். இரும்புக் கவ்வியைக் கடலடிக்கு இறக்கி ஏற்றியது, வாளியில் எடுத்துவைத்தது எல்லாம் வள்ளக்காரர் கனகதாஸ். அறிக்கைத் தாளில் மட்டும் ‘நானே எடுத்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

நுண்ணோக்கியில் பார்த்த அன்று மத்தியானமே பஸ் பிடித்துப் பொழியூர் போனாள். கனகதாஸ் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்.

“மாமா, அண்ணைக்கி அந்தச் சேற்றை என்ன செஞ்சீங்க?”

“என்ன செய்ய? சேறும் புழுவுமா நாறிப்போய்க் கிடந்துது. நல்ல வெள்ளத்துல நாலு தடவ அலசி, சங்கு சிப்பியெல்லாம் பொறுக்கி வச்சேன். அழுக்கோட உன் கையில குடுக்க ஒக்குமா மோளே?”

முப்பது வருடமாக மீனை அலசாமல் கரைக்குக் கொண்டுவராத மனிதர். ஷிஜாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கோபம் வந்தது; அது அவர்மேல் அல்ல, பலகையில் கிடந்த தன்மேல்.

“அந்தப் புழுவாக்கும் மாமா நமக்கு சாட்சி.”

“எக்க மாதாவே! சாட்சியை நானா கடல்ல தட்டினேன்?”

“நாளைக்கி காலத்த மறுபடி போணும். இந்தத் தடவ நான் கிடக்கமாட்டேன்.”

மறுநாள் தோர்த்துத் துண்டால் இடுப்பைப் பலகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். “நாரங்கா மணத்திப் பாரு மோளே” என்று கனகதாஸ் கொடுத்த எலுமிச்சம்பழம் ஒரு கையில், சல்லடை மறு கையில். மூன்று முறை வாந்தி எடுத்தாள். சல்லடையை மட்டும் விடவில்லை. குழாய் வாய்க்குப் பக்கத்தில் கவ்வி கருஞ்சேற்றோடு ஏறிவந்தது, அழுகிய முட்டை நாற்றம். அவளே பையப் பைய அலசினாள். சல்லடை நிறைய சிவப்பு நூல் நூலாகப் புழுக்கள் நெளிந்தன.

“இவ்வளவு உயிர் கிடக்கே, நல்லதாக்கும் இல்லியா?”

“எல்லாம் ஒரே இனம் மாமா. பந்தி முடிஞ்ச எடத்துல ஈ மட்டும் மொய்க்குமே, அதுபோல. மத்ததெல்லாம் செத்த பிறவு இது மட்டும் பெருகும்.”

தெற்கே தள்ளி, குழாய் எட்டாத இடத்திலும் எடுத்தாள். அங்கே இருபத்திரண்டு இனம், ஒவ்வொன்றிலும் கொஞ்சம். குழாயருகே ஒரே இனத்தில் எண்ணூறு.

விசாரணையில் கம்பெனி மேனேஜர் அருமநாயகம் கோப்பிலிருந்த ஷிஜாவின் இரண்டு அறிக்கைத் தாள்களையும் தூக்கிக் காட்டினார். “முதல்ல புழுவே இல்ல. பிறவு எண்ணூறு. எது உண்மை மேடம்?”

அதிகாரி ஸ்ரீகுமாரி ஷிஜாவைப் பார்த்தார். வெள்ளம் தலைக்கு மேல் போன பின் சாண் என்ன, முழம் என்ன? அவள் எழுந்தாள்.

“முதல் நாள் நான் வாந்தியெடுத்துக் கிடந்தேன் மேடம். நானே எடுத்தேன்னு எழுதினது பொய். ரெண்டாவது நான் எடுத்தது.”

கூடம் சலசலத்தது. முகம் எரிந்தது அவளுக்கு. பின்வரிசையிலிருந்து கனகதாஸ் எழுந்தார். “அலசிக் கெடுத்தது நானாக்கும்! என் பேரையும் எழுதுங்க.”

“பொய்யின்னு அவங்களே சொல்லியாச்சே” என்றார் அருமநாயகம்.

அதிகாரி பேனாவை மூடினார். “செவ்வாய்க்கிழமை மூணாவது தடவ எடுப்போம். என் முன்னால. நீங்களும் வள்ளத்துல வரணும்.”

குழாயை அடைத்துவைக்க நாலு நாள் கிடைத்துவிட்டது. அருமநாயகத்தின் முகம் பால் குடித்த பூனையுடையதைப் போலானது. ஷிஜா அதைப் பார்த்துவிட்டாள்.

“சார், குழாயை இண்ணைக்கே அடைச்சுக்கோங்க. வெள்ளம் தெளிஞ்சிரும். புழு எங்கயும் போவாது.”

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. “எனக்குக் கடல் ஒத்துக்காது மேடம்” என்று அதிகாரியிடம் முணுமுணுத்தார்.

“எனக்கும் ஒத்துக்காது சார்” என்றாள் ஷிஜா. “நாரங்கா நான் கொண்டு வாறேன்.”