நீலம் கூடிப்போன சட்டைகள்

சலவைக்கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் முதலில் சண்டை வந்தது தண்ணீரைப் பற்றித்தான். எவ்வளவு துவைத்தாலும் வெள்ளைத் துணியில் ஒரு மஞ்சள் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, குழாய்த் தண்ணீர் சரியில்லை என்றார் அவர். அவள் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்றாள். அவர் சோப்புத்தூளை மாற்றிப் பார்த்தார். அப்புறமும் மஞ்சள். கடைசியில் அலசும் தொட்டியில் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

எதிர்வரிசைப் பல் டாக்டர் ஒருநாள் தன் வெள்ளை அங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கோபப்படவில்லை. இதைப் போட்டுக்கொண்டு நின்றால் சுவருக்கு வர்ணம் அடிக்க வந்த ஆள் என்று நினைத்துவிடுவார்கள் என்று மட்டும் சொன்னார். சலவைக்காரர் அங்கியை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது பளிச்சென்ற வெள்ளை.

பல் டாக்டர் போனதும் மனைவி சொன்னாள்: "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க. கண்ணைக் காட்டுங்கன்னா கேக்குறீங்களா?"

அவர் கேட்காததற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசி வருஷங்களில் பெற்ற பிள்ளைகளையே குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். அப்படிப் போன பார்வை திரும்பாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். தனக்கும் அதுதான் என்று இவர் தானாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார். சாயங்காலம் ஸ்கூட்டரில் துணி கொடுக்கப் போகும்போது எதிரே வரும் விளக்குகள் முள்முள்ளாகச் சிதறுவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவள் கடையைத் திறக்கவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "கண்ணைக் காட்டினாத்தான் கடை," என்றாள்.

கண் டாக்டரம்மாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் உட்காரவைத்து, வெளிச்சம் அடித்து உள்ளே பார்த்தார். அழுத்தத்தையும் அளந்தார். சலவைக்காரர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பாவுக்கு இருந்தது உங்களுக்கு இல்ல," என்றார் டாக்டரம்மா. "அழுத்தம் சரியா இருக்கு, நரம்பும் நல்லா இருக்கு. இது புரை. சரி பண்ணக்கூடியது."

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் காதில் ஏறியது. புரை என்பது கண்மேல் படரும் தோல் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே வயதாக ஆக மஞ்சளாகி மங்குவது. சொட்டு மருந்தில் கரையாது. கண்ணாடியை மாற்றினால் கொஞ்ச காலம் ஓட்டலாம். இத்தனை வருஷம் இஸ்திரி ஆவியில் நின்றதால் வந்ததோ என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, உங்களுக்கு வயதுதான் காரணம் என்று பதில் வந்தது.

முத்தினால்தான் எடுக்க வேண்டும் என்று மச்சான் சொன்னதையும் கேட்டுவைத்தார்.

"அது அந்தக் காலத்துப் பேச்சு. ரொம்ப முத்தினா எடுக்கறதுதான் கஷ்டம். அதுக்காக நாளைக்கே பண்ணணும்னும் இல்ல. பார்வையால உங்களுக்கு எந்த வேலை முடியாம போகுது? அதை வெச்சு நீங்களே முடிவு பண்ணுங்க."

முடியாதது என்று ஒன்றும் இல்லை என்றார் அவர். மனைவி கூரையைப் பார்த்தாள்.

புதுக் கண்ணாடியோடு அவர் கடைக்குத் திரும்பினார். குருடாக மாட்டோம் என்பதே போதுமாக இருந்தது. சீட்டியடித்துக்கொண்டு வேலை பார்த்தார். நீலம் போடும் வேலையை மட்டும் அவள் பிடுங்கிக்கொண்டாள்.

சில வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் கார் ஒன்று விளக்கை முகத்தில் அடித்தது. எதிரே எல்லாம் வெள்ளையாகிவிட, அவர் பிரேக்கை அழுத்தினார். கண் தெளிந்தபோது சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். வழிவிட்டதற்கு நன்றி சொல்லிவிட்டு அவள் சாலையைக் கடந்து போனாள்.

அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

"அந்தம்மா எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனாங்க," என்றார் மனைவியிடம். "நான் அவங்களைப் பாக்கவே இல்ல."

வேறு சமயமாக இருந்தால் வெளுத்து வாங்கியிருப்பாள். இப்போது இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்த வேலை முடியலன்னு டாக்டரம்மா கேட்டாங்கல்ல," என்றார் அவர். "இதுதான்."

ரொம்ப மங்கியிருந்த கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் என்று முடிவானது. விழித்திருக்கும்போதே செய்வார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு வியர்த்தது. ஆனால் தெரிந்ததெல்லாம் தண்ணீருக்கடியில் இருந்து பார்ப்பது போல ஓர் ஒளி, பக்கத்தில் ஒரு அமைதியான குரல், அவ்வளவுதான். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்க வாயெடுத்தார், முடிந்துவிட்டது என்றார்கள்.

மறுநாள் கண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்தார்கள். கடைக்கு வந்து, அடுக்கில் கிடந்த தன் பழைய சட்டைகளைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு பொங்கியது. ஒரு கண்ணை மூடினால் வெள்ளை, மற்றதை மூடினால் நீலம்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். தினமும் சொன்னேன்."

கண்ணில் தண்ணீர் படக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று உத்தரவு. அவர் முக்காலியில் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு மட்டுமில்லை, வாய்க்கும் ஓய்வு கொடுங்கள் என்று அவள் சொல்லும்வரை.

அடுத்த முறை போனபோது, இன்னொரு கண்ணுக்கு அவசரமில்லை என்றார் டாக்டரம்மா.

"எனக்கு அவசரம்தாம்மா. சாயங்காலம் வண்டி ஓட்டணும்," என்று அவரே தேதி கேட்டு வாங்கினார். பிறகு மனைவியின் கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார். இத்தனை நாள் இரண்டு பேருக்குமாகப் பார்த்தவள் அவள்தானே.

அவளுக்கு ஒன்றும் இல்லை. படிக்க ஒரு கண்ணாடி போதும் என்றார்கள். அதைக் கேட்டபோது, தன் கண்ணுக்கு நல்ல சேதி வந்த நாளைவிட அவர் மனசு லேசானது.