கிழக்கே வழிந்த பால்

பால் கிழக்கே பொங்கி வழிந்ததும், பாரிஸ் லா சப்பலில் என் கடைக்குள் நின்ற சனமெல்லாம் கைதட்டியது. கைபேசித் திரையில் என் தம்பி பிரசாந்தன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அல்ப்ஸ் மலைச்சரிவில் வாங்கிய வீட்டில் அன்று குடிபுகல். கிழக்கே வழிந்தால் குடும்பம் விளங்கும் என்பார்கள். அவனும் மனைவி தர்மிளாவும் கைக்குழந்தையும் விளங்கவேண்டும், எனக்கு வேறென்ன ஆசை.

குறுக்கே விழுந்தவள் என் மகள் ஆரணி. பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிக்கிறாள்.

"மாமா, பால் ஏன் நிலத்திலை அப்பிடி ஓடுது? பள்ளம் கிழக்கையோ?"

"ஓம், முழுப் பள்ளத்தாக்கும் தெரியும்!"

"நல்ல நாளிலை வாயை மூடடி," என்றேன்.

அவள் மூடவில்லை. அந்த மலை ஃபிளிஷ் என்றாள். ஆழ்கடலடியில் மணலும் சேறும் மாறி மாறிப் படிந்து இறுகிய பாறை. ஆபிரிக்கப் பக்க நிலம் ஐரோப்பாவை நெருக்கியபோது, மேசைவிரிப்பைத் தள்ளினாற்போல் மடிந்து, பல கிலோமீற்றர் நகர்ந்து, அந்த ஊர்ப் பாறையின் தலைமேல் ஏறிக் கிடக்கிறதாம். சேற்றுப் படை நனைந்தால் மேலே உள்ளதெல்லாம் வழுக்குமாம். எங்களைப்போல வந்தேறிப் பாறை என்று பகிடி விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஒரு கிழமையா மழைதான்," என்றான் தம்பி. "கதவெல்லாம் இறுகிப்போச்சு. நேற்றிலிருந்து குசினி மூலையிலை தண்ணி ஊறுது. கங்கையே வந்திட்டா எண்டு தர்மிளா பூ வைச்சவள்."

ஆரணியின் முகம் வெளிறியது. "வித், மாமா, கெதியா! நிலம் நகரத் தொடங்கிட்டுது, எல்லாரும் வெளியிலை போங்கோ!"

"பால் காய்ச்சின வீட்டிலை முதல் இரவு படுக்காமல் போகக்கூடாது. அக்காதானே சொன்னவ."

இப்போது வேண்டாமென்றால் சிரிப்பான். முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும்.

"தம்பி, இப்பதான் செய்தி வந்தது. குணசேகரம் சித்தப்பா மோசம் போயிட்டார். செத்தவீட்டுத் துடக்கோடை புதுவீட்டிலை படுக்கக்கூடாது. அடுப்பை நூத்துப்போட்டு, அவளையும் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு உடனை வெளிக்கிடு."

சித்தப்பா பாரிசுக்குப் பக்கத்து எபினேயில் குத்துக்கல்லாட்டம் இருந்தார். கடவுளே, அவர் நூறு வயது இருக்கட்டும். தம்பி அழுதழுது கார்த் திறப்பைத் தேடினான். மூவரும் காரில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அழைப்பு நின்றது.

"உன்ரை அம்மா கெட்டிக்காரியெல்லே?" என்று திரும்பினேன்.

ஆரணி தன் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, கீழை இறங்க ஒரே றோட்டுத்தான். அது அந்தச் சரிவுக்குக் கீழாலை போகுது."

தம்பியின் இலக்கத்தை அழுத்தினேன். மணி போகவேயில்லை. திரும்பவும் அழுத்தினேன்.