தையல்காரி இறங்கவில்லை

மூன்றாவது தடவையாக அந்த வெள்ளைக் கார் கடைக்குள் வந்து நின்றபோது, முதலாளி கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "வந்துட்டாங்கப்பா, பேய் பிடிச்ச ஆம்ப்ளிஃபயர்" என்றார்.

கார்களுக்கு ஆடியோ மாட்டித் தரும் கடை அது. முதலாளி பேச்சுக்கு; வேலைக்கு மீட்டரம்மா. அவள் முதலாளியின் மனைவிக்குத் தங்கை. கழுத்தில் கயிறு கட்டி, மின்சாரம் சோதிக்கும் மல்டிமீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டே திரிவதால் வந்த பெயர் அது. தினமும் காலையில் அந்த மீட்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இன்னிக்கு என் கையால யாருக்கும் கெடுதல் வராம பாத்துக்கோ சாமி" என்று ஒரு வரி வேண்டிக்கொண்டுதான் முதல் திருகாணியைத் தொடுவாள்.

கடைச் சுவரில் இரண்டு பலகைகள் உண்டு. ஒன்று: 'ஒரு வயர்கூடக் கண்ணில் படாது.' இது முதலாளியின் பெருமை. மற்றொன்று: 'வேலை நடக்கும்போது வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது.' இது அவருடைய சட்டம்.

காரை ஓட்டி வந்த டிரைவர் இறங்கினான். பின் சீட்டில் அவனுடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் தையல்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். பிறந்ததிலிருந்து காது கேட்காது. பகலெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்து, மாலையில் தம்பியின் காரில் துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், தம்பி தன் ஆசைக்காக இதே கடையில் பின்பக்க டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியையும், முன் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயரையும் மாட்டிக்கொண்டான். அன்றைக்குத்தான் அவள் முதல்முதலாகப் பாட்டு கேட்டாள், முதுகால். சீட்டில் சாய்ந்த முதுகுக்குள் தாளம் வந்து இறங்கியதும் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கி, அந்த நாலு தெருவையே சுற்றிச் சுற்றி வரச் சொல்லியிருக்கிறாள். கடைசியில் பெட்ரோல் தீர்ந்து, இரண்டு பேருமாகக் காரைத் தள்ளிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். கடவுள் ஒரு கதவைச் சாத்தி வைத்த வீட்டில் ஜன்னல் எங்கே இருக்கிறதென்று அந்த வீட்டுக்காரர்களுக்குத்தானே தெரியும்.

பத்து நாள்கூட அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. பாட்டு நடுவிலேயே பெரிய பெட்டி நின்றது. ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு போய்ச் சிவப்பு எரிந்தது. எங்கேயோ கோளாறு என்று தெரிந்தால் அது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அணைத்துப் போட்டால்தான் மறுபடி பாடும். முதல் தடவை வந்தபோது மீட்டரம்மா அதைக் கழற்றி மேஜையில் வைத்து இரண்டு மணி நேரம் பாட விட்டாள். பாடியது. இரண்டாம் தடவை வண்டியிலேயே வைத்து, இன்ஜினை ஓட விட்டுப் பார்த்தாள். அப்போதும் பாடியது. வீட்டுக்குப் போனால் சிவப்பு.

"அக்கா, கழட்டிடுங்க" என்றான் டிரைவர், மீட்டரம்மாவைப் பார்த்து. "என் பிரெண்டு ஒருத்தன் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டான். சாயங்காலம் குடுக்கணும். அலைஞ்சு அலைஞ்சு என் தொழில் கெடுது."

"அப்பாடா" என்றார் முதலாளி. "நான் அன்னிக்கே சொன்னேன் தம்பி, பொருள்ல குறையே இல்ல. உங்கக்காதான் நின்னுடுச்சு நின்னுடுச்சுங்கறாங்க. காதே கேக்காதவங்களுக்குப் பாட்டு நின்னது எப்படிய்யா தெரியும்?"

காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். தையல்காரி முதலாளியின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பதை மீட்டரம்மா கண்டுகொண்டாள்.

தம்பி கதவைத் திறந்து, இறங்கு என்று கையைக் காட்டினான். அவள் இறங்கவில்லை. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். தைத்த துணிப் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, இறங்கச் சொல்லுப்பா. போர்டைப் படிக்கத் தெரியும்ல?" என்றார் முதலாளி.

"சொன்னா கேக்க மாட்டா சார்" என்றான் டிரைவர். சொன்ன பிறகுதான் அவனுக்கே வாக்கியத்தின் கோணல் உறைத்து முகம் சிவந்தது.

மீட்டரம்மா கையிலிருந்த துணியை உதறினாள். "இருக்கட்டும் அத்தான். உள்ள இருக்கறபடியே பாத்துடறேன்."

"சட்டம்னா சட்டம்மா. நாளைக்கு எல்லாரும் ஏறி உக்காருவாங்க."

"உக்காரட்டுமே. வண்டியே உக்காரறதுக்குத்தான அத்தான்."

அவர் முறைத்தார். வீட்டில் மனைவியிடம் காட்ட முடியாத அதிகாரத்தையெல்லாம் கடையில் மச்சினியிடம் காட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அது அங்கேயும் செல்லுபடியாகாது என்பது வேறு விஷயம்.

மீட்டரம்மா பாட்டைப் போட்டாள். பெட்டி அதிர ஆரம்பித்தது. தையல்காரி டிரைவருக்குப் பின்னால், வலப்பக்கமாக உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா?" என்றார் முதலாளி. அப்போது தையல்காரி மெல்ல இடப்பக்கம் நகர்ந்து, சாய்ந்து உட்கார்ந்தாள்.

நின்றுவிட்டது என்று அவள் கை மேலே போனது. அதற்கப்புறம்தான் மீட்டரம்மா குனிந்து பார்த்தாள். முன் சீட்டுக்கு அடியில் சிவப்பு.

முன்னால் இருந்த சின்ன ஸ்பீக்கர்கள் இன்னும் பாடிக்கொண்டிருந்ததால், பெரிய பெட்டி நின்றதைக் காதுள்ள ஐந்து பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. முதலில் தெரிந்தது அவளுக்குத்தான்.

மறுபடி போட்டார்கள். வலப்பக்கம் உட்கார்ந்தால் பாடியது. இடப்பக்கம் போனால் நின்றது. நாலாவது தடவைக்குப் பிறகு தையல்காரி தன் பையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்தாள். சீட்டை விரலால் அளந்து, கால் அங்குலம் தள்ளி, மறுபடி அளந்து, ஒரு பெருக்கல் குறி போட்டாள். இங்கே என்று விரலால் தட்டினாள்.

"இதுக்கு முன்னால ரெண்டு தடவை வந்தப்பவும் உங்கள இறக்கி விட்டுட்டுத்தானே பாத்தோம்" என்றாள் மீட்டரம்மா, அவள் உதட்டைப் பார்க்கும்படி நேராக நின்று. "எங்க மேலதான் தப்பு."

தையல்காரி இப்போது தானாகவே இறங்கினாள்.

பின் சீட்டைத் தூக்கி மீட்டரம்மா குனிந்து பார்த்தாள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிக்கிக்குப் போகும் ஸ்பீக்கர் வயர், சீட்டுக்கு அடியில் தரையோடு ஒட்டி நேராக, அழகாக ஓடியது. ஒரு முடிச்சில்லை, ஒரு தொங்கலில்லை. இடையிடையே சுற்றியிருந்த மஞ்சள் டேப் அவளுடையது. அவள் மாட்டிய வயர். ஒளிய இடம் தேடி அவள் அதைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது, சரியாகச் சீட்டின் ஸ்பிரிங் இறங்கும் இடத்தில். ஆள் உட்காரும்போதெல்லாம் ஸ்பிரிங் அதை நசுக்கி நசுக்கி, மேல்தோல் கிழிந்து செம்புக் கம்பி தெரிந்தது. கம்பி இரும்பைத் தொட்டதும் ஆம்ப்ளிஃபயர் பயந்து பூட்டிக்கொள்கிறது. பாவம், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரைக் கழற்றி, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை வண்டியின் இரும்பிலும் வைத்தாள். சீட்டைப் போட்டுக் குறியின் மேல் அழுத்தும்படி டிரைவரிடம் சொன்னாள். அழுத்தினால் மீட்டர் 'கீ' என்றது. விட்டால் நின்றது.

முதலாளி எட்டிப் பார்த்தார். மஞ்சள் டேப் அவர் கண்ணிலும் பட்டது. காத்திருந்தவர்கள் பக்கம் ஒரு பார்வை போட்டுவிட்டு, மீட்டரம்மாவின் காதோரம் குனிந்தார்.

"எலி கடிச்சிருக்குன்னு சொல்லிடு."

"எலியா?"

"மெதுவா பேசு. எலி வந்து சாட்சி சொல்லப் போகுதா?"

மீட்டரம்மா நிமிர்ந்தாள். காலையில் மீட்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. கெடுதல் இரண்டு மாதத்துக்கு முன்பே நடந்துவிட்டது. காட்டிக் கொடுக்கத்தான் சாமி இந்தப் பெண்ணை வண்டியை விட்டு இறங்க விடவில்லை போலிருக்கிறது. கேட்டது கிடைத்த பிறகு எலியைக் கூப்பிடுவதா?

"எலி இல்ல அத்தான், நான்" என்றாள், கடை முழுவதும் கேட்கிற குரலில். "தம்பி, நான் வயர் ஓட்டுனது தப்பு. உங்க பொருளும் நல்லா இருக்கு, உங்கக்கா சொன்னதும் நிஜம். அவங்கள நம்பாம விட்டது அதைவிடப் பெரிய தப்பு."

டிரைவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். முன்பு சிரித்த வாடிக்கையாளர் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார்.

"கடை பேரையே கெடுத்துட்டியேம்மா."

"போனா போகட்டும். அந்தம்மா சொல்லு மட்டும் போகலாமா?"

புது வயர் எடுத்தாள். அதற்கு ரப்பர் உறை போட்டு, சீட்டுக்கு அடியில் விடாமல், கதவோரமாகப் படியை ஒட்டி, எல்லார் கண்ணிலும் படும்படி கொண்டுபோய் கிளிப் போட்டாள். முதலாளி தாங்க மாட்டாமல் கூடவே நடந்தார்.

"வயர் தெரியுதும்மா."

"தெரியட்டும்."

"அசிங்கமா இருக்கு."

"மறைஞ்சு கிடந்து நசுங்கினதைவிடத் தெரிஞ்சு கிடந்து பாடட்டும் அத்தான். இனிமே சீட்டுக்கு அடியில நான் வயர் விட மாட்டேன். வேணும்னா அந்தப் போர்டைக் கழட்டிடுங்க, இல்ல என்னைக் கழட்டிடுங்க."

"உன்னைக் கழட்டுனா உங்கக்கா என்னைக் கழட்டிடுவா" என்று முணுமுணுத்தார் அவர்.

தையல்காரி ஏறி, பெருக்கல் குறியின் மேலேயே போய் உட்கார்ந்தாள். பாட்டு போட்டார்கள். ஒரு பாட்டு முடிந்தது. இரண்டு முடிந்தது. விளக்கு பச்சையாகவே இருந்தது. அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். கையை வெளியே நீட்டி மீட்டரம்மாவின் கையைப் பிடித்து, தன் முதுகுக்குள் இறங்கும் தாளத்தை அவள் உள்ளங்கையில் தட்டித் தட்டிக் காட்டினாள்.

டிரைவர் கைப்பேசியில் நண்பனைக் கூப்பிட்டான். "இல்லடா. தர்றதா இல்ல. எங்கக்காவோடது அது."

வண்டி கிளம்பும்முன் முதலாளி ஈரத் துணியோடு வந்து சாக்கட்டிக் குறியைத் துடைத்துவிடுவதாகச் சொன்னார். தையல்காரி அவர் உதட்டைப் படித்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அசையாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.