இடிக்காத கல்

"நான் எங்க போய் இடிச்சேன்னு கொஞ்சம் சொல்லுங்க தம்பி. எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரமாட்டேங்குது."

எலெக்ட்ரிக் கார் சர்வீஸ் சென்டரின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் கார் சாவி இல்லை. பெரிய ஸ்கேன் உறை இருந்தது.

கழுகுக்கு ஆளை உடனே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

கழுகு என்பது மேனேஜர் வைத்த பெயர். இரும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஐந்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுகிற மெக்கானிக் அவன். இரண்டு மாதத்துக்கு முன் இந்த அம்மாளின் கார் இழுவை வண்டியில் வந்தபோதும் சொன்னான். முன் இடது சக்கரம் ஆடும் பல் மாதிரி சாய்ந்திருந்தது. லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைத்திருக்கும் இரும்புக் கை, இரண்டாக முறிந்திருந்தது. முறிவின் ஒரு பாதி துரு, மறு பாதி பளபளப்பு. நெடுநாளாக உள்ளுக்குள்ளேயே ஓடிவந்த விரிசல்.

"வார்ப்புலயே கோளாறு சார்."

"அப்படி எழுதினா செலவு கம்பெனி தலையில விழும், என் கழுத்தைப் பிடிப்பாங்க. ஓட்டினவங்க கல்லுல இடிச்சுட்டாங்கன்னு எழுது" என்றார் மேனேஜர்.

"ரிம்முல ஒரு கீறல்கூட இல்லையே?"

"அதுக்குத்தானே ஆண்டவன் அரம்னு ஒண்ணைப் படைச்சிருக்கான்!"

கழுகு அரத்தை எடுத்தான். ரிம்மின் ஓரத்தில் நாலு ராவு. மேலே கொஞ்சம் மண்ணைத் தேய்த்து ஒரு போட்டோ. மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு, "அடடா, ப்ளாட்பாரக் கல்லே நேர்ல வந்து கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்குய்யா!" என்றார்.

கழுகும் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் இப்போது மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றது.

"அதெல்லாம் பழைய கதை மேடம். விடுங்க."

"எப்படித் தம்பி விடுறது? வீடு வீடாப் போய், படுத்த படுக்கையா கிடக்கிறவங்களுக்கு ஊசி போடுற நர்ஸ் நான். கல்லுல மோதினதே நினைவில்லாத மண்டைக்கு, எத்தனை யூனிட் மருந்து ஏத்தினோம்னு மட்டும் நினைவிருக்குமா?" உறையை மேஜைமேல் வைத்தார். "கண்ணைப் பார்த்தாச்சு, நல்லா இருக்காம். தலையை ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லையாம். டாக்டர் சிரிக்கிறார். வீட்டுக்காரர் அதுக்கு மேல. 'குருட்டு டிரைவர்'னு பேரே வெச்சுட்டார். நாளைக்கு வேலையை விடுறேன்னு எழுதிக் குடுக்கப்போறேன். அதுக்கு முன்னாடி இடம் மட்டும் தெரிஞ்சா மனசு ஆறும். ரிப்போர்ட் எழுதினது நீங்கதானே?"

நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லாமல், கழுகு மேஜை விளிம்பிடம் பேசினான். "சின்னக் கல்லா இருந்திருக்கும் மேடம். கண்ணுல பட்டிருக்காது."

"சின்னக் கல்லா? அப்படியா?" நர்ஸ் நம்பித் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் அவனைக் கன்னத்தில் அறைந்தது. பேச்சை மாற்ற, "வண்டி வெளியில நிக்குதா?" என்றான்.

"நான்தான் ஓட்டுறதே இல்லையே. அவர் எடுத்துட்டுப் போயிருக்கார். மகளை மலைமேல காலேஜ்ல விடணும். இந்நேரம் ஏறிட்டிருப்பாங்க."

கழுகு விருட்டென்று நிமிர்ந்தான்.

கல்லில் மோதியது என்று எழுதிவிட்டதால் முறிந்த இடது பக்கத்து ஆர்மை மட்டும்தான் மாற்றினார்கள். வலது பக்கத்து ஆர்மும் அதே வார்ப்பு. அதிலும் மயிரிழை விரிசல். பார்த்தவன் அவனேதான். மலை வளைவில் அது முறிந்தால், முறிந்த முனை நேரே வண்டித் தளத்துக்கடியில் இருக்கும் பேட்டரியைக் குத்தும். போன மாதம் இன்னொரு கிளையில் ஒரு வண்டி அப்படித்தான் பற்றிக்கொண்டது. தண்ணீர் அடித்து அணைக்க அணைக்க மறுபடியும் எரிந்ததாம்.

"போன் போடுங்க! வண்டியை நிறுத்தச் சொல்லுங்க!"

நர்ஸ் பதறிப்போய் ஸ்பீக்கரில் போட்டார். நாலாவது மணியில் கணவர் குரல்.

"என்ன, எதையாவது இடிச்சுட்டியா? நடந்துதானே போனே?"

பின்னால் மகளின் சிரிப்பு.

"கொஞ்சம் வண்டியை நிறுத்துங்களேன்."

"ஏன், குருட்டு டிரைவர் ஆர்டரா?"

கழுகு போனை வாங்கினான். "சார், சர்வீஸ் சென்டர்ல இருந்து பேசறேன். ஓரமா நிறுத்துங்க. வலது பக்க ஆர்ம் முறிய வாய்ப்பிருக்கு."

"அதுக்குக் கல்லுல மோதணுமே? நான் என்ன இவளை மாதிரியா ஓட்டுறேன்? நாளைக்குக் கொண்டுவரேன்யா, வளைவு வருது, வை."

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் எழுந்து நின்றார். கழுகைப் பார்த்து 'வேண்டாம்' என்று மெதுவாகத் தலையசைத்தார்.

"வெச்சுடாதீங்க சார்! அவங்க எதையும் இடிக்கலை. ஆர்ம் தானா முறிஞ்சுது. ரிம்முல இருந்த கீறல் நான் அரத்தால ராவினது. வலது பக்கமும் விரிசல் இருக்கு, நான் பார்த்தேன். பார்த்துட்டும் விட்டுட்டேன்."

போனில் டயர் சரளைக் கல்லில் ஏறும் சத்தம்.

"நிறுத்திட்டேன்."

"ரெண்டு பேரும் இறங்கித் தள்ளி நில்லுங்க. வண்டியை எடுக்காதீங்க, இழுவை வண்டி அனுப்பறேன்."

கதவுகள் சாத்தும் ஓசை, ஒன்று, இரண்டு. கழுகு மூச்சு விட்டான். அப்போதுதான் கவனித்தான். காத்திருந்த வாடிக்கையாளர்கள் ஐந்தாறு பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் நர்ஸ்.

"மேடம்..."

"வண்டி ஓடிட்டிருந்துச்சு. அவர் காதுல சரியா விழுந்திருக்காது. சொல்லுங்க."

முதல் தடவை அவசரம் சொல்ல வைத்தது. இரண்டாவது தடவைக்கு அந்தத் துணையும் இல்லை. "உங்க மனைவி எதையும் இடிக்கலை சார். பொய் சொன்னது நான்." காது மடல் தீயாகச் சுட்டது.

போனில் இருமல் சத்தம். "அவகிட்ட குடுங்க." குரலில் பழைய நக்கல் இல்லை.

நர்ஸ் கை நீட்டவில்லை. "அப்புறம் பேசறேன்னு சொல்லிடுங்க."

மேனேஜர் கதவைத் திறந்தார். "கழுகு, உள்ள வா."

"இருங்க சார், நான் இன்னும் முடிக்கலை" என்றார் நர்ஸ், திரும்பாமலே. "தம்பி, இந்த மாதிரி எத்தனை வண்டிக்கு ராவினீங்க?"

"உங்களோட சேர்த்துப் பதினொண்ணு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மீதிப் பத்துப் பேர் நம்பர் இருக்கும்ல? போடுங்க. நான் எங்கேயும் போகலை."

இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டு, கழுகு முதல் எண்ணை அழுத்தினான். மேனேஜர் ஏதோ கத்தினார். காதில் ஏறவில்லை.

"ஹலோ?" வயதான குரல்.

"சார், கார் சர்வீஸ் சென்டர்ல இருந்து..."

"அட, நீங்களா தம்பி! நானே கூப்பிடணும்னு இருந்தேன். அன்னைக்கு உங்களைக் கண்டபடி பேசிட்டேன். தப்பு என் மேலதான். வயசாச்சுல்ல, கண்ணு தெரியலை. மன்னிச்சுக்கப்பா."

நர்ஸ் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் ஐயா" என்றான். "உங்க கண்ணு மேல தப்பில்லை."